ஊசி போன வழி

பாயான் பாருவுக்கு நாங்கள் குடிவந்த புதிதில், தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே வரிசை வீடுகளில் தையல் மிஷின்கள் ஓட ஆரம்பித்துவிடும். எங்கள் வீட்டில் அம்மாவின் கால்மிஷின். சில வீடுகள் தள்ளி ஒரு மலாய்க்கார மக்சீக். நோன்புப் பெருநாளுக்கு அக்கம்பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் பாஜு குரோங் தைத்துக் கொடுப்பார். பின்வரிசையில் ஒரு சீனப் பாட்டி, வருடம் முழுவதும் தலையணை உறைதான். மூன்று மிஷினுக்கும் மூன்று சத்தம். எங்களுடையதில் வார் கொஞ்சம் தளர்ந்திருந்ததால் சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'சட்' விழும். பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போதே அந்தச் 'சட்' காதில் விழுந்தால், அம்மா யாருக்கோ அவசரமாக ரவிக்கை தைக்கிறார், சோறு ஆறித்தான் இருக்கும் என்று தெரிந்துவிடும்.

ஊரே அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது. 1969-இல் பினாங்கு, சுங்கவரி இல்லாத துறைமுகம் என்ற தகுதியை இழந்தது. துறைமுகத்தை நம்பிச் சோறு தின்ற குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. கிடங்கில் மூட்டை தூக்கிய அப்பா, வேலை இல்லை என்று காலையிலேயே திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்திருந்தது மங்கலாக நினைவிருக்கிறது. அதே ஆண்டில் முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் யூ, பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை அமைத்தார். 1972-இல் பாயான் லெப்பாஸ் வயல்வெளியில் தடையற்ற வாணிப வட்டாரம் வந்தது. இன்டெல், ஹியூலெட்-பேக்கார்ட், ஹிட்டாச்சி, பாஷ் எல்லாம் வந்தன. அந்த ஆலைகளை ஒட்டி எழுந்த புதுநகர்தான் பாயான் பாரு. ஜார்ஜ் டவுனில் ஒற்றை அறையில் இருந்த நாங்கள் மூன்று அறை வீட்டுக்கு வந்தோம். அம்மா முதலில் செய்த காரியம், மிஷினை எந்த ஜன்னலுக்குக் கீழே வைத்தால் வெளிச்சம் இடது பக்கமிருந்து வரும் என்று பார்த்ததுதான்.

அந்த மிஷின் எங்கள் எல்லாரையும்விட மூத்தது. கருப்பு உடம்பில் பொன்னிறக் கொடி ஓவியம், கீழே வார்ப்பிரும்பு மிதி. டவுனில் இருந்தபோது தவணையில் வாங்கியது. தவணை முறையை சிங்கர் நிறுவனம் 1850-களில் அமெரிக்காவில் தொடங்கி உலகெங்கும் கொண்டுபோனது. மொத்தமாகக் காசு கொடுக்க முடியாத எங்கள் வீடு போன்ற வீடுகளுக்குள் மிஷின் நுழைந்தது அதனால்தான். அதன் அடித்தட்டில் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் எண் பொறித்திருக்கும். ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஊரில் இருந்த சிங்கர் ஆலையில் செய்ததற்கு அது அடையாளம் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அந்தப் பெரிய ஆலை 1980-இல் மூடப்பட்டது. அதைச் செய்த கைகள் வேலை இழந்து வீட்டுக்குப் போன பிறகும், அவர்கள் செய்த மிஷின் பாயான் பாருவில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தது.

அம்மா தையல் சொல்லிக்கொடுத்த முறையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பிற்பாடு அதுதான் என்னைக் காப்பாற்றியது. முதலில் வாரைக் கழற்றிவிடுவார். ஊசி அசையாது, வெறும் மிதி மட்டும் போகும், வரும். குதிகாலும் முன்பாதமும் மாறி மாறி அழுத்தி, சக்கரம் பின்னால் ஓடாமல் முன்னாலேயே சுற்றுவதற்குக் கால் பழக வேண்டும். அது வந்த பிறகு வாரை மாட்டுவார். ஆனால் நூல் கிடையாது. பழைய தமிழ் நேசன் தாளை மடித்து ஊசிக்குக் கீழே வைத்து, பத்திகளுக்கு நடுவே ஓடும் கோட்டின்மேல் நேராக ஓட்டச் சொல்வார். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால் ஓட்டைகள் கோட்டை விட்டு விலகியது தெரியும். "இது தலைவர் மூஞ்சியில குத்தியிருக்கே, பாரு," என்று சிரிப்பார். கோடு நேரான பிறகுதான் நூல். நூலுக்குப் பிறகுதான் துணி. எங்கள் தெருவில் பாதிப் பெண்பிள்ளைகள் அந்தத் தாள்களில் கற்றுக்கொண்டவர்கள். 1924-இல் தொடங்கிய அந்த நாளிதழும் 2019-இல் நின்றுபோனது.

தைத்த சட்டைக்குக் காஜா எடுக்க அம்மா டவுனுக்குப் போவார். மார்க்கெட் ஸ்திரீட்டிலும் குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலைச் சுற்றியும் கடை முன்னால் அஞ்சடியில் மிஷின் போட்டு உட்கார்ந்திருந்த தையற்காரர்கள் அப்போது நிறையப் பேர். காது மடலில் பென்சில், கழுத்தில் அளவு நாடா, காலடியில் வெட்டுத்துணிக் குவியல். நாங்கள் நின்று பார்க்கும்போதே பொத்தான் துளையைச் சுற்றிக் கையால் நூலைப் பின்னி முடித்துவிடுவார்கள். அவர்கள் காலடித் துண்டுகளில் நல்ல நிறமாகப் பார்த்து அம்மா எனக்குப் பொறுக்கித் தருவார். என் பொம்மைகளுக்கு மார்க்கெட் ஸ்திரீட்டின் பட்டுத் துண்டுகளில் பாவாடை இருந்தது.

ஐந்தாம் படிவம் முடித்ததும் வாணிப வட்டாரத்தில் ஒரு தையல் ஆலையில் சேர்ந்தேன். மின்னணு ஆலைகளில் நுண்ணோக்கி பார்க்கும் வேலைக்குத்தான் போட்டி அதிகம். தையல் ஆலையில் கை பழகியிருந்தால் உடனே எடுத்துக்கொள்வார்கள். ஆலைக்குப் போகும் பெண்களை 'மினா காரான்' என்று கேலி பேசிய காலம் அது. மலாய்ப் பெண்களைக் குறி வைத்துச் சொன்னாலும் அந்தப் பார்வை எங்கள் எல்லார்மீதும் விழுந்தது. கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் இளவட்டங்கள் கூவுவார்கள். அந்தப் பெண்களின் சம்பளத்தில்தான் இந்தத் தீவில் எத்தனையோ தம்பிமார் படித்து வந்தார்கள். என் தம்பியும் அப்படித்தான் படித்தான்.

ஆலையில் முழுச் சட்டையை யாரும் தைப்பதில்லை. ஒருவர் காலர், ஒருவர் பை, ஒருவர் தோள் சேர்ப்பு. எனக்குக் கைப்பட்டி, கஃப். கட்டுக் கட்டாக வரும். தைத்துத் தைத்துக் கூடையில் போட வேண்டும். வரிசைத் தலைமாட்டில் ஒரு பலகை, அதில் மணிக்கு மணி இலக்கு. மிஷின்தான் முற்றிலும் வேறு. அம்மாவின் மிஷின், கால் மிதிக்கிற அளவுக்குத்தான் ஓடும். கால் நின்றால் அதுவும் நின்றுவிடும். இங்கே மேசைக்கடியில் மோட்டார் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். மிதியைத் தொட்டதும் கிளட்ச் பிடித்து, நிமிடத்துக்கு 4,000 தையலுக்கு மேல் ஓட்டும். நொடிக்கு அறுபதுக்கும் அதிகமாக ஊசி இறங்கி ஏறுகிறது. கண்ணுக்கு ஊசி தெரியாது. ஊசி இருக்கிற இடத்தில் ஒரு மங்கல் மட்டும் தெரியும். அந்த மங்கலுக்கு அரை அங்குலம் தள்ளி நாள் முழுவதும் விரல் இருக்கும்.

ஊசிக்கு முன்னால் விரலைத் தடுக்க ஒரு கம்பிக் காப்பு உண்டு. எங்கள் வரிசையில் எந்த மிஷினிலும் அது இல்லை. கஃப்பைத் திருப்பும்போது இடிக்கிறது, இலக்கு குறைகிறது என்று எப்போதோ கழற்றியிருந்தார்கள். பினாங்குப் பாலம் திறப்பதற்கு முந்தைய வருடம், கப்பல் தேதி நெருங்கிய ஓர் ஓவர்டைம் இரவில், ஊசி என் இடது ஆள்காட்டி விரலின் நகத்தில் நுழைந்து அடிப்பக்கம் வந்தது.

வலி உடனே தெரியவில்லை. கை ஏன் வரமாட்டேன் என்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. எங்கள் வரிசைக்குத் தலைவியாக இருந்த மலாய்க்கார அக்கா ஓடிவந்து என் மணிக்கட்டை மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ஜங்ஙான் தாரிக், ஜங்ஙான் தாரிக்" என்றார். இழுக்காதே, இழுக்காதே. இன்னொரு கையால் மோட்டாரை நிறுத்திவிட்டுச் சக்கரத்தை மெல்லத் திருப்பி ஊசியை மேலே ஏற்றினார். ஊசியோடு நூலும் விரலுக்குள் போயிருந்தது. கைத்தையல் ஊசிக்குக் காது பின்பக்கம். மிஷின் ஊசிக்கோ முனையருகே. 1846-இல் எலியாஸ் ஹோவ் காப்புரிமை பெற்ற தையல் மிஷினே அப்படி முனையில் காதுள்ள ஊசியை வைத்துத்தான் ஓடியது. அவர் செய்த அந்த ஏற்பாடு என் விரலுக்குள்ளும் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. அக்கா கத்தரியால் நூலை வெட்டினார். பிறகு ஊசியைக் கழற்றி விளக்கில் பிடித்துப் பார்த்தார். முனை இல்லை.

இன்று உலகெங்கும் ஏற்றுமதித் தையல் ஆலைகளில் ஒரு கண்டிப்பான விதி இருக்கிறது. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, ஒட்டி, பதிவேட்டில் ஏற்றிய பிறகுதான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்தக் கட்டு முழுவதையும் உலோகம் கண்டுபிடிக்கும் கருவியில் விட்டுப் பார்ப்பார்கள். சட்டை போடப்போகும் குழந்தையின் தோலில் முள்ளாக ஏதும் குத்திவிடக் கூடாது என்பதற்காக. நல்ல விதி. தைக்கிறவளின் விரலுக்கும் அதே கண்டிப்பு வேண்டும் என்பதுதான் என் நெடுநாள் ஆதங்கம். ஊசித் துண்டுக்கு இருக்கும் பதிவேடு பல இடங்களில் கழற்றி வைத்த காப்புக்கு இல்லை.

என் துண்டு எக்ஸ்ரேயில் தெரிந்தது. எலும்பின் ஓரத்தில் ஒரு சிறிய வெள்ளைக் கீறல். நகத்தை எடுத்துத் துண்டை எடுத்தார்கள், டெட்டனஸ் ஊசி போட்டார்கள். மலேசியாவில் வேலையிடத்து விபத்துக்குச் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புத் திட்டம் உண்டு. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த ஏற்பாடு. மருத்துவ விடுப்பு குறைந்தது 4 நாள் இருந்தால் நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு தருகிறார்கள். எனக்குக் கிடைத்தது. ஆனால் ஊசி குத்தியவர்களில் பெரும்பாலோருக்கு டாக்டர் ஓரிரு நாள்தான் எழுதிக் கொடுப்பார். கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாளே மிஷினுக்குத் திரும்பிய பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களின் விரல்கள் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

நகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர்தான் வளரும். முழுதாக மூட அரை வருடம் ஆயிற்று. அதைவிடப் பெரிய தொல்லை, விரல் நுனி எதையும் தொட விடவில்லை. நரம்பு முனைகள் நெருங்கியிருக்கும் இடம் அது. காயம் ஆறியபோது அவை தாறுமாறாக விழித்துக்கொண்டன. தலை துவட்டும் துண்டு பட்டால்கூட மின்சாரம் தாக்கியதுபோல் கை உதறும். மருத்துவமனையில் கைப்பயிற்சி தந்த அம்மையார் ஒரு வழி சொன்னார்: அரிசிப் பானைக்குள் விரலை விட்டுத் துழாவு. அரிசி பழகினால் பச்சைப்பயறு, பிறகு கொண்டைக்கடலை. அதோடு துணி. முதலில் பஞ்சு, பிறகு மல், பிறகு பாப்ளின், பிறகு துண்டு, கடைசியில் ஜீன்ஸ்.

இந்தப் பட்டியலைக் கேட்டதும் அம்மாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. அரிசி ஒரு பக்கம் இருக்கட்டும், துணி தன் துறை என்று இறங்கிவிட்டார். வெட்டுத்துணி மூட்டையை அவிழ்த்து, மென்மையிலிருந்து முரட்டுத்தனம்வரை வரிசையாக அடுக்கினார். நான் பாட்டியின் நைந்த நூல்சேலையில் தொடங்கினேன். எத்தனையோ முறை துவைத்து அடித்து அடித்துத் தண்ணீராகியிருந்த சேலை அது. அதற்குப் பிறகு பள்ளிச் சீருடை வெள்ளை. பிறகு அப்பாவின் வேட்டி ஓரம், அம்மாவின் காஞ்சிப் பட்டு ஒன்றின் சரிகை, கித்தான். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி ஒவ்வொன்றாக விரலில் வைத்து, "இது யாரோடது?" என்று கேட்பார். மெல்ல மெல்ல விரல் பதில் சொல்லத் தொடங்கியது. இன்றும் கடையில் துணி வாங்கும்போது அந்த ஒற்றை விரலால்தான் தொட்டுப் பார்க்கிறேன். நூல் எத்தனை முறுக்கு, கலப்பு இருக்கிறதா என்று மற்ற ஒன்பதையும்விட அதற்கே நன்றாகத் தெரிகிறது.

விரல் ஆறிவிட்டது. கால் ஆறவில்லை. வட்டாரத்துக்குத் திரும்பிப் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தபோது, மோட்டாரின் இரைச்சல் மேசை வழியாக முழங்கைக்கு ஏற, வலது பாதம் மிதிமேல் வைத்தபடி மரத்துப்போனது. அழுத்து என்று மனம் சொல்கிறது, பாதம் கேட்கவில்லை. தையலுக்குப் பயந்தவர்கள் பலரிடம் பின்னால் பேசியிருக்கிறேன். எல்லாருக்கும் பயம் குத்துப்பட்ட கையில்தான் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. வேகத்தை அவிழ்த்துவிடுகிற உறுப்பில்தான் அது போய் உட்கார்ந்துகொள்கிறது. மேலாளர் என்னை நூல் வெட்டும் பகுதிக்கு மாற்றினார். சட்டைகளில் தொங்கும் நூல்நுனிகளைக் கத்தரிக்கும் வேலை. தையலை விட்டாயிற்று என்றுதான் நினைத்தேன்.

வீட்டிலும் மிஷின் பக்கம் போகவில்லை. அம்மா கட்டாயப்படுத்தவில்லை. கையால் ஓட்டுத்தையல் போட மட்டும் வேலை கொடுத்தார்: பாட்டியின் சேலையை நாலாக மடித்து, ஓரம் சேர்த்து, என் அக்கா பிள்ளைக்குப் போர்வை. பழஞ்சேலைப் போர்வைக்கு மிஷின் ஆகாது என்பது அம்மாவின் கட்சி. மிஷின் நூல் இறுக்கிப் பிடித்துக் குழந்தைக்கு உறுத்தும் என்பார். கைத்தையலில் ஊசி கீழிருந்து மேலே வரும்போது இடது விரல் நுனிதான் அதைச் சந்திக்க வேண்டும். குத்தும். சின்னச் சின்னக் குத்து, நான் அனுமதித்த குத்து. ஊசி எப்போது வரும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அதைத் தள்ளுவது நான்தான். அந்தப் போர்வை முடிந்தபோது விரல் ஊசியை மன்னித்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா மிஷினின் வாரைக் கழற்றிவிட்டு, "சும்மா உக்காந்து மிதி. சாயந்தரம் வரைக்கும் கால் வலிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். மிதித்தேன். மறுவாரம் வார் ஏறியது, நூல் இல்லை; தமிழ் நேசன் தாள். சின்னப் பிள்ளையில் கற்ற அதே வரிசை. கால்மிஷினைத் தொடங்க வலது கையால் சக்கரத்தைத் திருப்பிவிட வேண்டும். நிறுத்தவும் அதே கை. வேகம் முழுவதும் என் கையிலும் காலிலும் இருந்தது. வெளியே ஒரு மோட்டார் எனக்காகச் சுற்றிக் காத்துக்கொண்டிருக்கவில்லை. கோடு வளைந்து வளைந்து போயிற்று. ஆனால் போயிற்று.

ஆலையில் அதன் பிறகு நெடுநாள் நான் நீடிக்கவில்லை. ஆலைகள் கழித்துப்போடும் வெட்டுத்துணி அப்போது மூட்டையாக எடைக்குக் கிடைக்கும். அதில் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டுத்துணிப் போர்வை, கால்மிதி, சந்தைப் பை தைக்க ஆரம்பித்தேன். அமெரிக்காவுக்குப் போன சட்டையின் மிச்சமும் ஜெர்மனிக்குப் போன சட்டையின் மிச்சமும் பாயான் பாருச் சந்தையில் கத்தரிக்காய் சுமந்தன. தீபாவளி ரவிக்கைகளை அம்மாவிடமிருந்து நான் வாங்கிக்கொண்டேன். ஜன்னலடியில் 'சட்' சத்தத்தை எழுப்புகிறவள் நான் ஆனேன்.

இவற்றில் பலவும் போய்விட்டன. 1974 முதல் பணக்கார நாடுகள் எந்த நாட்டிலிருந்து எவ்வளவு ஆடை வாங்கலாம் என்று பங்கு வைத்திருந்தன. அந்தப் பங்கு இருந்ததால்தான் மலேசியாவில் தையல் ஆலைகள் தழைத்தன. 2005 தொடக்கத்தோடு அந்த ஏற்பாடு முடிந்தது. வேலை சீனாவுக்கும் வியட்நாமுக்கும் கம்போடியாவுக்கும் நகர்ந்தது. டவுனில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-இல் விலகியதும், அஞ்சடிக்குப் பின்னால் இருந்த பழைய கடைவீடுகளில் குடியிருந்தோர் வெளியேறினார்கள், தையற்காரர்களும் மெலிந்தார்கள். 2008-இல் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ பாரம்பரிய நகரமானது. அதன்பின் புதிய காப்பிக் கடைகளில் வார்ப்பிரும்பு மிதிகளின்மேல் பளிங்குப் பலகை போட்டு மேசையாக்கியிருப்பதைப் பார்க்கிறேன். அதன்முன் உட்கார எனக்கு மனம் வரவில்லை. மிதியின் முன்பக்கம் ஒரு தாயின் பாதம் பட்டுப் பட்டு வழவழப்பாகியிருக்கும். தொட்டுப் பார்த்தால் தெரியும்.

அந்த மக்சீக் இல்லை, சீனப் பாட்டி இல்லை, அம்மாவும் இல்லை. மிஷின் என்னிடம் இருக்கிறது, ஓடுகிறது. பழைய வார் அறுந்து புது வார் மாட்டியதால் 'சட்' சத்தம் மட்டும் போய்விட்டது. வட்டாரத்தின் ஆலைகளில் இப்போது வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்த பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். ஞாயிறுகளில் சந்தையில் அவர்களைப் பார்க்கும்போது என் கண் தானாக விரல்களுக்குப் போகிறது.

தைக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். மிஷினில் விரல் காப்பு இருந்தால் யார் சொன்னாலும் கழற்றாதீர்கள். ஊசி மாற்றும்போதும் நூல் கோக்கும்போதும் மின்சாரத்தை நிறுத்துங்கள். ஊசி விரலில் ஏறிவிட்டால் கையை இழுக்காதீர்கள். மிஷினை நிறுத்தி, சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்பி ஊசியை மேலே எடுங்கள். எடுத்த ஊசி முழுதாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். முனை குறைந்திருந்தால், வலி இல்லாவிட்டாலும், அன்றைக்கே எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.